சிறப்புப் படையில் எல்லா வீரருக்கும் மருத்துவப் பயிற்சி வேண்டுமா?

கார்த்தி_தாம்பரம்:
இங்கே ஒருவர், "சிறப்புப் படையில் உயிர் காப்பது மெடிக்கின் வேலை, மற்றவர்கள் சண்டையைப் பார்த்தால் போதும்" என்று எழுதியிருந்தார். மெடிக் என்றால் குழுவோடு களத்துக்குப் போகும், மருத்துவம் படித்த வீரர். சுத்தமாக ஏற்க முடியவில்லை. அமெரிக்கத் தரைப்படையின் சிறப்புக் காலாட்படையான ரேஞ்சர் படைப்பிரிவில் 90களின் கடைசியிலேயே உடற்பயிற்சி, துப்பாக்கி சுடுதல், சிறுகுழுப் போர்முறை இவற்றுக்குச் சமமாக மருத்துவத்தையும் எல்லா வீரருக்கும் கட்டாயமாக்கினார்கள். 2001 முதல் 2010 வரை போரில் அடிபட்ட 419 ரேஞ்சர்களில் 32 பேர் இறந்தார்கள், ஆனால் களத்திலேயே காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்லத்தக்க மரணம் அதில் ஒன்றுகூட இல்லை என்று 2011இல் வந்த ஆய்வு சொல்கிறது. அமெரிக்கப் படைகள் மொத்தத்தையும் எடுத்தால், ஆஸ்பத்திரி போவதற்குள் இறந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் பிழைத்திருக்கக்கூடியவர், பெரும்பாலும் ரத்தப்போக்கால் போனவர்கள்.

ஹவில்தார்_பரங்கிமலை:
தம்பி, ஆர்மி மெடிக்கல் கோரில் இருந்தவன் சொல்கிறேன். எல்லா வீரருக்கும் கற்றுக்கொடுப்பது முக்கியமாக டூர்னிக்கெட், அதாவது ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை. அது கை காலுக்குத்தான். 1993இல் சோமாலியாவின் மொகதிஷுவில் நடந்த சண்டையில் ஒரு ரேஞ்சருக்குத் தொடையின் மேற்பகுதியில் ரத்தக்குழாய் அறுந்தது, அங்கே பட்டை கட்ட இடமில்லை. மெடிக் எவ்வளவோ போராடியும், வெளியே கொண்டுபோக வழியில்லாமல் அந்தப் பையன் இறந்தான். அங்கே தேவைப்பட்டது ரத்தம், அதை ஏற்றத் தெரிந்த கை. கிரீன் பெரே என்கிற அமெரிக்கச் சிறப்புப் படையின் மெடிக்குக்கு ஏறக்குறைய ஒரு வருடப் படிப்பு, சிறு அறுவையிலிருந்து பல், கால்நடை வைத்தியம் வரை. அதை எல்லா வீரருக்கும் ஒரு சின்ன வகுப்பில் கொடுத்துவிட முடியுமா?

கார்த்தி_தாம்பரம்:
சார், அந்த ரத்தம் எங்கிருந்து வருகிறது? ஓ வகை ரத்தம் உள்ள வீரர்களை முன்கூட்டியே சோதித்து வைத்து, களத்தில் கூட நிற்பவரிடமிருந்தே எடுத்து ஏற்றுகிறார்கள். அப்புறம், மெடிக்குக்கே குண்டு பட்டால் யார் கட்டுவது? 1996இல் வந்த போர்க்களச் சிகிச்சை வழிமுறை, குண்டு பாயும்போது செய்யவேண்டியது பட்டை கட்டுவது மட்டும்தான், மற்றதெல்லாம் மறைவுக்கு வந்த பிறகு என்றது. அதுவரை பட்டை என்றால் கடைசி வழி என்றுதான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்.

மீனா_பெரம்பூர்:
நான் கேஷுவால்டி நர்ஸ். நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், ஆனால் வாசல் வரை உயிர் இருக்கவேண்டுமே! துப்பட்டாவைத் தளர்வாகச் சுற்றிக் கொண்டுவருகிறார்கள், காயத்தின் மேல் அழுத்திப் பிடிக்க யாருக்கும் தெரிவதில்லை. பஸ் கண்டக்டர், டிராபிக் போலீஸ் எல்லோருக்கும் இது தெரியவேண்டும். நான் கார்த்தி பக்கம்.

ஹவில்தார்_பரங்கிமலை:
108 வரும் ஊருக்கு அது சரிம்மா. உக்ரைனில் ட்ரோனுக்குப் பயந்து அடிபட்டவர்களை உடனே வெளியே எடுக்க முடியவில்லை, பட்டை மணிக்கணக்கில் இறுகிக் கிடந்து, போகவேண்டாத கால்கள் போயின. இரண்டு மணி நேரத்துக்குள் அதை காயத்தை அழுத்திப் பிடிக்கும் வேறு கட்டுக்கு மாற்றலாமா என்று பார்க்கப் படித்த ஆள் வேண்டும். காஷ்மீர் மலையில் வானிலை கெட்டால் நம்ம பாரா சிறப்புப் படை வீரர்களுக்கும் ஹெலிகாப்டர் வராது. எல்லோருக்கும் கற்றுக்கொடுங்கள், ஆனால் அதைக் காட்டி மெடிக் படிப்பில் ஒரு நாளைக் குறைத்தாலும் எதிர்ப்பேன்.

கார்த்தி_தாம்பரம்:
குறைக்கச் சொல்லவே இல்லை சார். கட்டிய நேரத்தை எழுதுவதையும் மாற்றுவதையும் சேர்த்தே எல்லா வீரருக்கும் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறேன்.

ஹவில்தார்_பரங்கிமலை:
நேரத்தை எழுதட்டும். மாற்றுவதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், தெரியாமல் அவிழ்த்தால் ஆள் அங்கேயே போய்விடுவான்.