மறு: கன்சர்வேஷன் ரிசர்வ் புரோகிராம் – 'காப்புக் குத்தகை' எனலாமா?

ஐயா, அம்மா, வணக்கம். 'கன்சர்வேஷன் ரிசர்வ் புரோகிராம்' என்ற அமெரிக்க வேளாண் திட்டத்துக்குத் தமிழ்ப் பெயராக நீங்கள் இருவரும் முன்வைத்தவற்றுக்கு என் பதில் இது.

> 'பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டம்' என்று வைத்துக்கொண்டால் என்ன?

சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் நாளிதழில் இதைப் படிப்பவர் ராணுவத்துக்கு நிதி ஒதுக்கியிருக்கிறார்கள் என்றே நினைப்பார். உழவர் கண்ணிலேயே படமாட்டார்.

அமெரிக்காவின் 1985-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வந்த திட்டம் இது. மேல்மண் அரித்துப்போகும் சரிவுகள், ஓடைக்கரை ஓரங்கள் போன்ற இடங்களில் உழவர் பயிர் செய்வதை நிறுத்திவிட்டுப் புல்லோ மரமோ வளர்க்க ஒப்புக்கொள்கிறார். ஒப்பந்தம் 10 முதல் 15 ஆண்டுகளுக்கு. அரசு ஆண்டுதோறும் ஏக்கர் கணக்கில் பணம் தருகிறது. புல் விதைக்கும் செலவிலும் பாதிவரை ஏற்கிறது. அந்த வட்டாரத்தில் மானாவாரி நிலம் என்ன குத்தகைக்குப் போகிறதோ, அதை ஒட்டித்தான் தொகை. நிலம் உழவர் பெயரிலேயே இருக்கிறது.

> எளிமையாகத் 'தரிசு மானியம்'?

இரண்டு சொல்லுமே இடிக்கின்றன, அம்மா. தரிசு என்றால் கேட்பாரற்றுக் கிடப்பது. இங்கே களை மண்டினால் உழவர்தான் அகற்ற வேண்டும். பறவைகள் கூடு கட்டும் பருவத்தில் புல்லை வெட்டவும் கட்டுப்பாடு உண்டு. மானியமும் பொருந்தாது. அரசு இங்கே குத்தகைதாரர், அதுவும் உழாமல் இருப்பதற்காகக் குத்தகை கொடுக்கும் விசித்திரமான குத்தகைதாரர்!

ஆகவே 'காப்புக் குத்தகை' என்பது என் பரிந்துரை. 'காப்புக்காடு' வனத்துறைப் பலகைகளில் நிலைத்துவிட்டது. 'ரிசர்வ்' என்பதற்குக் 'காப்பு' புதிதன்று. திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர் சிலவற்றை விலக்கி இருந்துவிட்டு, நாள் முடிந்ததும் அவிழ்த்துவிடுவார் அல்லவா? இந்த நிலத்துக்கும் கெடு உண்டு. 'காப்பகம்', 'சரணாலயம்' என்றெல்லாம் போட்டால் நிலையான பாதுகாப்பு என்ற மயக்கம் வரும். 2007-இல் ஏறக்குறைய 3.68 கோடி ஏக்கர் இத்திட்டத்தில் இருந்தது. மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் எத்தனால் எரிபொருளின் தேவையால் அதன் விலை ஏறவே, கெடு முடிந்த பலர் புதுப்பிக்காமல் ஏரைப் பூட்டிவிட்டார்கள். 2014-ஆம் ஆண்டு வேளாண் சட்டம் இத்திட்டத்தின் உச்சவரம்பையே 2.4 கோடி ஏக்கராகக் குறைத்தது.

காப்புக் குத்தகைக்கு முன்னோடியான, 1956-ஆம் ஆண்டின் 'சாயில் பேங்க்' திட்டத்தை 'மண் வங்கி' என்றே விட்டுவிடலாம்.

எனக்குப் பிடிபடாதது வேறொன்று. அதே 1985 சட்டத்தில் 'சாட்பஸ்டர்' (புல்தரையை உடைப்பவர்) என்றொரு விதி: எளிதில் அரிக்கும் புல்நிலத்தை மண்காப்பு ஏற்பாடு எதுவுமின்றிப் புதிதாக உழுது பயிரிட்டால் அரசின் வேளாண் சலுகைகளை இழக்க நேரும். நம் வழக்கில் 'காடு திருத்தினான்' என்பது பாராட்டு; இந்தச் சட்டமோ அதைக் கண்டிக்கிறது. இப்படிப் புல்நிலத்தை உழுபவரைக் குறிக்க, ஏச்சாகவே ஒலிக்கும் சொல் எந்த வட்டாரத்திலாவது இருந்தால் எழுதுங்கள்.