பின்சக்கரம் ஆடுகிறது, கோன் வைக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணன்மாரே, ஒரு உதவி. அப்பாவின் பழைய சைக்கிளில்தான் தினமும் நாகமலை புதுக்கோட்டையிலிருந்து காளவாசல் வரை போய் வருகிறேன். ஒரு வாரமாகப் பின்சக்கரத்தில் ஆட்டம், ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் டக் டக்கென்று கையில் தட்டுகிறது, அச்சு நட்டு இறுக்கமாகத்தான் இருக்கிறது, சரி, அச்சில் திருகிக் குண்டுகளை அழுத்திப் பிடிக்கிற கோன்தான் லூஸ் என்று ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து கழற்றிவிட்டேன்.

பக்கத்துக்கு 9 குண்டு, கால் இஞ்ச். பழைய கிரீஸ் மணல் கலந்து எள்ளுத் துவையல் மாதிரி இருந்தது. டீசலில் கழுவிப் பார்த்தால் குண்டு உருளும் கப் இரண்டும் பளபளவென்று இருக்கின்றன, வலது கோனில் மட்டும் கடுகளவு ஒரு குழி.

புது கிரீஸ் வைத்துப் பூட்டும்போதுதான் வம்பு. கையால் கோனை வைத்தால் அச்சு வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது, ஆனால் கோன் நகராமல் பூட்டும் லாக் நட்டை முறுக்கினால் கோனும் கூடவே சுற்றி இறுகிவிடுகிறது, தளர்த்தினால் மறுபடி ஆட்டம். என்னிடம் இருக்கும் ஸ்பேனர் தடிமன், கோனுக்கும் லாக் நட்டுக்கும் நடுவில் நுழையவே மாட்டேன் என்கிறது. கடையில் கேட்டால் "ஓட ஓடச் சரியாயிரும் தம்பி" என்கிறார், எனக்கு நம்பிக்கையில்லை.

லாக் நட் இறுகும் அளவைக் கணக்குப் பண்ணி முன்கூட்டியே கோனைக் கொஞ்சம் தளர்வாக விடுவதா? எவ்வளவு, கால் சுற்றா, அதற்கும் குறைவா? குழி விழுந்த கோனை மாற்றியே ஆக வேண்டுமா? அப்புறம், மெல்லிய கோன் ஸ்பேனர் மதுரைக்குள் எங்கே கிடைக்கும்? சைக்கிள் திண்ணையில் தலைகீழாகக் கிடக்கிறது, அதுவரை டவுன் பஸ்தான்.