'ஹாலோவீன் எண்ட்ஸ்' ஏன் இப்படிச் சப்புன்னு போச்சு? எந்த வரிசையில பார்க்கலாம்?

நள்ளிரவுக்காட்சி:
ஹாலோவீன் திகில் பட வரிசையில 2018, 2021 படங்களுக்கு அப்புறம் வந்த 'ஹாலோவீன் எண்ட்ஸ்' (2022) பெரிய ஏமாற்றம். முகமூடிக் கொலைகாரன் மைக்கேல் மையர்ஸுக்கும், 1978 படத்துல அவன்கிட்ட இருந்து தப்பிச்ச லாரிக்கும் கடைசி மோதல்னு சொல்லிட்டு, கோரின்னு ஒரு புதுப் பையன் பின்னாடியே கதை போகுது. எங்க சறுக்கினாங்க? மொத்தம் 13 படத்துல எது எதோட சேரும்? முடிவு உட்பட எல்லாத்தையும் பேசலாம்.

முகமூடி78:
சறுக்கல் அந்த நாலு வருஷத் தாவல்லதான். 2021ல வந்த 'ஹாலோவீன் கில்ஸ்' முடியும்போது மைக்கேல் லாரியோட மகள் கேரனைக் கொன்னுடுறான். அந்த ராத்திரி இன்னும் விடியக்கூட இல்ல. அடுத்த படத்துல லாரி பேத்தி ஆலிசனோட அமைதியா குடியிருந்து நினைவுக் குறிப்பு எழுதுறாங்க. அவன் அடைபட்டுக் கிடந்தப்போ 40 வருஷம் வீட்டைக் கோட்டையா வச்சிருந்தவங்க, அவன் வெளிய திரியுறப்போ நிம்மதியா இருக்காங்கன்னா எப்படி ஒட்டும்?

கோரி கதை மோசமில்ல. பார்த்துக்க வந்த வீட்டுல ஒரு குழந்தை விபத்துல சாகுது, ஊரே அவனைக் கொலைகாரன்ங்குது, கடைசியில அவனே அப்படி ஆயிடுறான். மூணு படத்துக்கும் விரிச்சிருக்க வேண்டிய கதை இது. கடைசிப் படத்துல திணிச்சதால மைக்கேல் சாக்கடைக் குழாய்க்குள்ள ஒடுங்கிட்டான். கோரி அவனோட மல்லுக்கட்டி முகமூடியைப் பிடுங்குற அந்த நொடியே அவன் மேல இருந்த பயம் போயிடுது. அதுக்கப்புறம் எந்தச் சண்டையும் எடுபடாது.

இருட்டுஃப்ரேம்:
1978 படத்துல ஒரு காட்சியைப் பாருங்க. லாரி கதவோரம் சாஞ்சு அழுறாங்க, பக்கத்துல இருட்டு வாசல். அந்தக் கறுப்புக்குள்ள இருந்து வெள்ளை முகமூடி மெல்லத் தெரிய வருது. ஒளிப்பதிவாளர் டீன் கண்டி டிம்மர்ல (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற கருவி) ஒரு சின்ன விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி எடுத்தது. லாரிக்கு முன்னாடி நமக்குத் தெரிஞ்சுடுது, ஆனா நம்மால கத்திச் சொல்ல முடியாது. பயம் அங்கதான் இருக்கு. புதுப் படத்துல இந்த மாதிரிக் காத்திருப்பே இல்ல.

டிவியில பார்த்தா செட்டிங்ஸ்ல மோஷன் ஸ்மூதிங் (அசைவை வழவழப்பாக்குறது), டைனமிக் கான்ட்ராஸ்ட் ரெண்டையும் அணைச்சிடுங்க. ரெண்டாவது வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைக்கும், அந்த மெல்லிய ஏற்றம் கெட்டுடும். அகலத்திரைப் பதிப்பாவும் இருக்கணும். ஓரத்தை வெட்டின பதிப்புல மைக்கேல் நிக்கிற மூலையே காணாம போயிடும்.

'எண்ட்ஸ்' இசையில மட்டும் குறை இல்ல. 1978 படத்தோட இயக்குநர் ஜான் கார்ப்பென்டர், அவர் மகன் கோடி, டேனியல் டேவிஸ் மூணு பேரும் சேர்ந்து போட்டது.

வரிசைக்காரன்:
எல்லாக் கிளைக்கும் வேர் 1978. 2018, 2021, 2022 மூணும் அதுல இருந்து நேரா தொடருது, நடுவுல வந்த எதையும் கணக்குல எடுக்காது. லாரி மைக்கேலோட தங்கைங்கிறது 1981ல வந்த விஷயம், 2018 படம் அதையும் அழிச்சிடுச்சு.

இன்னொரு கிளை 1981, 1988, 1989, 1995. மூணாவது 1981, 1998, 2002. 2007ம் 2009ம் இயக்குநர் ராப் ஸாம்பியோட மறு ஆக்கம். 1982 படத்துல மைக்கேல் கதையே கிடையாது, தனியா பார்க்கலாம்.

திருப்தியான முடிவு வேணும்னா 1978, 1981, 1998 பார்த்துட்டு நிறுத்துங்க. 1998ல லாரி கோடரியால அவன் தலையையே வெட்டுறாங்க. 2002 படம், செத்தது வேற ஆள்னு சொல்லிட்டு ஆரம்பத்துலயே லாரியைக் கொன்னுடுது. அதைத் தொடவே தொடாதீங்க.

முகமூடி78:
அந்த 1998 முடிவுக்கு என் ஓட்டும் உண்டு. ஆனா 'எண்ட்ஸ்'ல வர்ற சமையலறைச் சண்டையை மட்டும் விட்டுடாதீங்க. அவன் கையைக் கத்தியால மேசையோட அறையுற இடத்துல லாரியா நடிச்ச ஜேமி லீ கர்ட்டிஸ் முகத்தைப் பாருங்க. அந்த ஆத்திரம் படம் முழுக்க இருந்திருக்கணும்.