உணவில் சேர்க்கும் பொருளால் ஊருக்கே தலைவலி குறையுமா? என் குறிப்பேடு சொன்னது

சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, பயிற்சித் தலைப்பு ஒன்றை என்னிடம் நீட்டி, "அம்மா, தலைவலியைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? இந்த வாதம் சரிதானா, பாருங்கள்" என்றாள். மென்ஷியா என்ற கற்பனை நாட்டில், ஆஸ்பிரினின் வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த சாலிசிலேட்டுகளை உணவு கெடாமல் இருக்கப் பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வருகிறார்கள். அதே காலத்தில், 20 ஆண்டு நடந்த ஆய்வொன்றில் பங்கேற்றவர்கள் தெரிவித்த தலைவலிகளின் சராசரி எண்ணிக்கை தொடர்ந்து குறைந்து வந்திருக்கிறது. இனிச் சுவையூட்டவும் அவற்றைச் சேர்க்கப்போவதால் மக்களின் தலைவலி மேலும் குறையும் என்று அந்த வாதம் முடிகிறது. படித்தவுடன் சரியென்றே எனக்குப் பட்டது.

அப்படிப் பட்டதற்குக் காரணம் உண்டு. ஒற்றைத் தலைவலியோடு நான் வாழ்ந்துவரும் காலமும் ஏறக்குறைய 20 ஆண்டுகள்தான். சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீட்டில் கோடாலித் தைலம் இல்லாத நாள் கிடையாது. வலி வரும் அறிகுறி தெரிந்ததுமே என் மாமியார் அந்தச் சின்னப் புட்டியைத் திறந்து, இரண்டு சொட்டு விரலில் தொட்டு என் நெற்றிப்பொட்டில் தேய்த்துவிடுவார். அந்தத் தைலத்தில் மெந்தாலோடு மீத்தைல் சாலிசிலேட்டும் இருக்கிறது. ரூட் பியர் குடித்தால் தைலம் குடித்ததுபோல் இருக்கிறது என்று பிள்ளைகள் முகம் சுளிப்பதும் அதே வாசனையால்தான். பூசினால் இதமாக இருக்கும் ஒன்று சாப்பிட்டாலும் வலியைக் குறைக்கும் என்று மனம் எளிதில் நம்பிவிடுகிறது.

அன்று இரவே என் பழைய தலைவலிக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் எழுதி வரச் சொன்ன குறிப்பேடு அது. முதல் மாதத்தில் 9 நாள் வலி என்றும், ஆறாம் மாதத்தில் 3 நாள் என்றும் கணக்கு இருந்தது. இடையில் மாமியார் தினமும் காலையில் இஞ்சியும் சீரகமும் தட்டிப்போட்ட கஷாயம் கொடுக்கத் தொடங்கியிருந்ததால், குறைந்தது கஷாயத்தால்தான் என்று வீட்டில் எல்லோரும் உறுதியாக நம்பினோம். ஆனால் பக்கங்களை நிதானமாகப் புரட்டியபோது வேறொன்று தெரிந்தது. தொடக்கப் பக்கங்களில் வலி தொடங்கிய நேரம், எந்தப் பக்கம், வாந்தி வந்ததா, முந்தைய இரவு எத்தனை மணிக்குத் தூங்கினேன் என்று நெருக்கி நெருக்கி எழுதியிருந்தேன். ஐந்தாம் மாதத்தில் வெறும் டிக் குறிகளே இருந்தன. இரண்டு வாரங்கள் முழுக்கக் காலி. அந்த நாள்களில் வலி வரவில்லையா, நான் எழுதவில்லையா என்பதை இப்போது யாரால் சொல்ல முடியும்? போதாக்குறைக்கு, அந்த ஆறு மாதத்திற்குள்தான் நான் இரவு வேலையிலிருந்து பகல் வேலைக்கு மாறினேன், மூக்குக்கண்ணாடியையும் மாற்றினேன். மேலும், வலி உச்சத்தில் இருந்தபோதுதான் மருத்துவரிடமே போனேன். உச்சத்திலிருந்து எண்ணத் தொடங்கினால் எதைச் செய்தாலும், செய்யாவிட்டாலும், அடுத்த மாதங்களில் எண்ணிக்கை இறங்குவதற்கே வாய்ப்பு அதிகம். கஷாயத்தின் மேல் எனக்கு மனக்குறை இல்லை. ஆனாலும் அது காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருந்திருக்கலாம்.

ஒரு நபரின் ஆறு மாதக் கணக்கிலேயே இத்தனை குழப்பம் என்றால், ஒரு நாட்டின் 20 ஆண்டுக் கணக்கைச் சொல்லவே வேண்டாம். அந்த ஆய்வில் இருந்தவர்களுக்கும் 20 வயது கூடியிருக்கும் அல்லவா? ஒற்றைத் தலைவலி முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் மிகுந்திருந்து பிறகு தணிவது பொதுவான போக்கு. பெண்கள் பலருக்கு மாதவிடாய் நின்றபின் வெகுவாகக் குறைகிறது. என் அம்மாவுக்கு 52 வயதில் தலைவலி விட்டுப்போனது. எந்த உணவையும் அவர் புதிதாகச் சேர்த்துக்கொண்டதில்லை.

அளவும் என்னை யோசிக்க வைத்தது. ஒற்றைத் தலைவலிக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் ஒரு வேளைக்கு 900 முதல் 1000 மில்லிகிராம் வரை கொடுப்பது வழக்கம். அமெரிக்காவில் 22,071 ஆண் மருத்துவர்களிடம் நடந்த ஆய்வில், ஒரு பாதியினருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 325 மில்லிகிராம் ஆஸ்பிரினும் மறுபாதியினருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். ஒற்றைத் தலைவலி வந்ததாகச் சொன்னவர்கள் ஆஸ்பிரின் பிரிவில் 6 விழுக்காடு, மற்றதில் 7.4 விழுக்காடு. 1990ல் வெளியான இந்த முடிவை நான் மதிக்கிறேன், ஏனெனில் யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒப்பிட ஒரு குழுவையும் வைத்திருந்தார்கள். உண்மையான ஆஸ்பிரினே, அந்த அளவிலேயே, அவ்வளவுதான் குறைத்தது. மென்ஷியா வாதத்திலோ யார் எவ்வளவு சாலிசிலேட் சாப்பிட்டார்கள் என்ற பேச்சே இல்லை. அதிகம் சாப்பிட்டவருக்குக் குறைவாக வலித்ததா என்பதும் இல்லை.

மகளிடம் நான் கடைசியாகச் சொன்னது 2020ஆம் ஆண்டு நடந்த சம்பவம். சிங்கப்பூரில் 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்த ஆண்டு அது. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சிவப்புப் பதாகை தொங்கிக்கொண்டிருந்தது, அதாவது சுற்றுவட்டாரத்தில் 10 பேருக்கோ அதற்கு மேலோ டெங்கி. எனக்கும் வந்தது. கண்ணுக்குப் பின்னால் குடைவதுபோன்ற வலியோடு மருந்தகத்தில் உட்கார்ந்திருந்தேன். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றுகூடுவதை ஆஸ்பிரின் தடுக்கும் என்பதால், ஏற்கெனவே தட்டணுக்கள் குறைந்துவரும் டெங்கி நோயாளிக்கு அது ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். தட்டணுக்களின் மேல் அந்த வேலையைச் செய்வது ஆஸ்பிரினில் மட்டும் உள்ள அசிட்டைல் கூறு; சாதாரண சாலிசிலேட்டில் அது கிடையாது. ஆகவே குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. உணவிலிருக்கும் பொருளுக்கு ஆஸ்பிரினின் வலிமை இல்லையென்றால் தலைவலி குறையும் என்ற பேச்சுக்கு இடமில்லை; இருக்கிறதென்றால் டெங்கி நோயாளிக்கும் வயிற்றுப்புண் உள்ளவருக்கும் ஆஸ்பிரின் ஒவ்வாத ஆஸ்துமாக்காரருக்கும் அதை யார் அளந்து கொடுப்பது?

அன்று மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கடந்த சில நாள்களில் ஆஸ்பிரின் ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்பதுதான். பாரசிட்டமால் மாத்திரையான பனடோல் மட்டும், காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று என்னால் தயக்கமில்லாமல் சொல்ல முடிந்தது. ரொட்டியிலும் பானத்திலும் நூடல்ஸிலும் ஆஸ்பிரினின் வலிமையுள்ள சாலிசிலேட் கலந்திருந்தால், நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?