கொழும்பு தேசிய அருங்காட்சியகம்: கையில் ஒரே ஒரு காலைப்பொழுது. எதை முதலில் பார்ப்பது?

தக்கலை_சஞ்சாரி:
வணக்கம் மக்களே. திருவனந்தபுரத்திலிருந்து கொழும்புக்கு அஞ்சு பேர் போறோம். அம்மாவுக்கு 71 வயசு, முட்டுவலி உண்டு. பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பும் அஞ்சாம் வகுப்பும். கொழும்பில் ஒரு காலை மட்டும்தான் கிடைக்கும், மத்தியானம் காலிக்குக் கிளம்பணும்.

அந்தக் காலையைத் தேசிய அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கலாமென்று நினைக்கிறோம். எந்த வரிசையில் பார்க்கணும்? தமிழ் சம்பந்தப்பட்டது எதெல்லாம் உண்டு? குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற டச்சுக்காரன் இலங்கையிலிருந்துதானே வந்தான், அது பற்றி ஏதாவது இருக்குமா? மும்மொழிக் கல்வெட்டு காலியில்தான் இருக்குன்னு ஒருத்தர் சொல்றாரு, இன்னொருத்தர் கொழும்புன்னு சொல்றாரு. போக்குவரத்து, போட்டோ விஷயமும் சொன்னா உபகாரம்.

வேளிமலை_வாசி:
முதலில் பெயர். இலங்கைத் தமிழில் இதற்கு ‘நூதனசாலை’ என்ற பெயரும் உண்டு. சிங்களத்தில் ‘கௌதுகாகாரய’. ஆட்டோக்காரரிடம் ‘மியூசியம்’ என்றாலே போதும், ஆனால் எந்த மியூசியம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். புறக்கோட்டையில் டச்சுக் கால அருங்காட்சியகம் தனியாக ஒன்று இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது கறுவாத்தோட்டத்தில், கொழும்பு 7இல், விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்தில் உள்ளது. கோட்டை ரயில் நிலையத்திலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர்.

தெருவில் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்துவதைவிட ‘பிக்மீ’ செயலியில் பதிவு செய்வது நல்லது, வாடகை முன்கூட்டியே தெரிந்துவிடும். அஞ்சு பேருக்கு ஒரு ஆட்டோ போதாது, காராகவே போடுங்கள். வழியில் யாராவது “மியூசியம் இன்னைக்கு லீவு, கங்காராமய விகாரையில் யானைத் திருவிழா, இன்னைக்கு மட்டும்தான்” என்று சொன்னால் காதில் வாங்கவேண்டாம். அது பழைய உத்தி, போய் முடிகிற இடம் ரத்தினக்கல் கடை.

நாள் தேர்வில்தான் பலரும் சறுக்குவார்கள். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா என்ற பொது விடுமுறை. உங்கள் பயணத் தேதியை நம் நாள்காட்டியில் பௌர்ணமியோடு ஒப்பிட்டு, அந்த நாளை அருங்காட்சியகத்துக்கு வைக்காதீர்கள். பத்மநாபபுரத்துக்குத் திங்கள்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற கதை அங்கேயும் நடக்கும்.

திறப்பது காலை 9 மணிக்கு. அப்போதே வாசலில் நில்லுங்கள். பள்ளிக்கூடப் பேருந்துகள் வந்து சேர்ந்துவிட்டால் ஒரு பலகையையும் நின்று வாசிக்க முடியாது. வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம். இலங்கை ரூபாயைத் தாளாகவே வைத்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து நம் யூபிஐ அங்கே சில கடைகளில் வேலை செய்கிறது, ஆனால் டிக்கெட் ஜன்னலில் அதை நம்பி நிற்கவேண்டாம். அதே வளாகத்தில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் இருக்கிறது. ஒரு காலையில் இரண்டும் தேறாது.

கட்டடத்தின் அமைப்பு புரிந்துவிட்டால் வழி தவறாது. கீழ்த்தளம் காலவரிசை: ஆதிகாலம், அநுராதபுரம், பொலன்னறுவை, அதற்குப் பிந்திய மாறுகாலம், கடைசியில் கண்டி. மேல்தளம் பொருள்வாரி: நாணயம், துணி, மட்பாண்டம், சிகிரியா ஓவியங்களின் நகல்கள், கூத்து முகமூடிகள். முட்டுவலிக்காரர்களுக்கு என் கணக்கு: கீழ்த்தளத்துக்கு இரண்டு மணி நேரம் முழுதாகக் கொடுங்கள். பிறகு அம்மாவைக் கீழே உட்காரவைத்துவிட்டு, பிள்ளைகளை முக்கால் மணி நேரம் மேலே கூட்டிப்போங்கள், முகமூடிகளைப் பார்த்தால் போதும். மேல்தளத்தில் தொடங்கிக் கீழே வருகிறவர்கள் பொலன்னறுவைக்கு வரும்போதே களைத்துவிடுவார்கள். சரக்கு முழுக்க அங்கேதான் கிடக்கு.

கோட்டாறு_கல்வெட்டு:
மும்மொழிக் கல்வெட்டு விஷயத்தில் இரண்டு பேர் சொன்னதிலும் பாதிப் பாதி சரி. கிடைத்தது காலியில், இருப்பது கொழும்பில்.

சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த கல் அது. நான்ஜிங்கிலேயே செதுக்கப்பட்டது, அதில் உள்ள தேதி 1409 பிப்ரவரி 15. 1911இல் காலி நகரில் கிரிப்ஸ் சாலையில் ஒரு பொறியாளர் கண்டெடுத்தபோது, அது ஓடையின் கலுங்குக்கு மூடுகல்லாகக் கிடந்தது. உயரம் ஏறக்குறைய 145 செ.மீ., அகலம் 76 செ.மீ., கனம் 5 அங்குலம். கலுங்குக்கு ஏற்ற பலகைதான், எடுத்துப் போட்டவனைக் குறை சொல்ல முடியாது.

பார்க்கும் முறை: மேல் விளிம்பில் இரண்டு டிராகன்கள் எதிரெதிராக இருக்கும். வலப்பக்கம் மேலிருந்து கீழாக ஓடுவது சீனம். இடப்பக்கம் மேலே தமிழ், அதற்குக் கீழே பாரசீகம். பாரசீகப் பகுதிதான் மிகவும் தேய்ந்தது. நேர் எதிரே நின்றால் எழுத்து கண்ணில் படாது. ஒரு பக்கமாக ஒதுங்கி, வெளிச்சம் கல்லின் மேல் சாய்வாக விழுகிற கோணத்தில் நின்று பாருங்கள், வெட்டின் நிழலில் எழுத்து எழும்பி வரும். மெய்யெழுத்துக்குப் புள்ளி தேடாதீர்கள். பழைய கல்வெட்டுகளில் புள்ளி வைப்பது அபூர்வம். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் காட்டமாட்டார்கள். பையனிடம் இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பள்ளியில் படித்த எழுத்தை வைத்தே சில சொற்களைக் கூட்டிவிடுவான். ‘நாயினார்’ என்ற சொல்லைத் தேடச் சொல்லுங்கள். நம்ம பக்கம் ‘நயினார்’ என்று வழங்குவதும் அதுதான்.

இதைப் பற்றிப் பரவலாக ஒரு தவறு உண்டு: ஒரே செய்தியின் மூன்று மொழிபெயர்ப்பு என்று எழுதுவார்கள். அப்படி இல்லை. சீனப் பகுதி புத்தருக்கு, தமிழ்ப் பகுதி தேனாவரை நாயினார் என்ற திருமாலுக்கு, பாரசீகப் பகுதி அல்லாவுக்கு. கும்பிடுகிற சாமி வேறு, காணிக்கைப் பட்டியல் மட்டும் கிட்டத்தட்ட ஒன்று: பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, வாசனை எண்ணெய் என்று போகும். யாருக்கும் குறை வைக்காமல் சமமாக அளந்திருக்கிறார்கள். அந்தத் துறைமுகத்தில் யார் யார் வியாபாரம் பண்ணினார்கள் என்பதற்கு அந்தப் பட்டியல் ஒன்றே போதும்.

தேனாவரை என்பது இன்றைய தெவிநுவர, தமிழில் தேவேந்திரமுனை. நமக்குக் கன்னியாகுமரி எப்படியோ, இலங்கைக்கு அது அப்படி: தீவின் தென்கோடி. அங்கிருந்த கோயிலைப் போர்ச்சுக்கீசியர் 1588இல் இடித்தார்கள். நீங்கள் காலிக்குப் போவதால், மாத்தறை தாண்டினால் அந்த முனையையும் பார்த்துவிடலாம்.

குளச்சல்_கரை:
டச்சுச் சமாச்சாரம் நான் சொல்லுதேன். 1741இல் குளச்சலில் வந்திறங்கிய படை இலங்கையிலிருந்துதான் வந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனா அந்தப் போரின் சுவட்டைத் தேடிக் கொழும்புக்குப் போகவேண்டாம். நினைவுத்தூண் குளச்சலிலேயே நிக்குது. அந்தப் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள்ளே, தமிழிலும் லத்தீனிலும் எழுத்தோடு கெடக்கு. தக்கலைக்காரங்களுக்கு அது நடந்துபோற தூரம்தானே.

கொழும்பில் பார்க்கவேண்டியது டச்சுக்காரன் கொடுத்ததும், எடுத்ததும்.

கொடுத்தது: கண்டி அரசரின் சிம்மாசனம். பிரிட்டிஷ்காரன் பரிசு என்று சிலர் சொல்லுவாங்க, தப்பு. 1693இல் டச்சு ஆளுநர் தோமஸ் வான் ரே, இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்தது. மரத்தின் மேல் பொன் தகடு. சாய்மானத்தின் உச்சியில் சூரியன், கைப்பிடிகளில் சிங்க உரு. சிங்கங்களின் கண்ணில் பதித்திருக்கிற ஊதாக் கல்லை மட்டும் கிட்டே நின்று பாருங்க. 1815இல் கண்டி விழுந்ததும் இங்கிலாந்துக்குப் போய், வின்சர் அரண்மனையில் இருந்து, 1934இல் திரும்பி வந்தது. அதில் கடைசியாக அமர்ந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்க வம்சம், கண்ணுசாமி என்பது இயற்பெயர். வேலூர்க் கோட்டையில் காவலில் இருந்து 1832இல் இறந்தார். சமாதி பாலாற்றங்கரையில் முத்துமண்டபம் என்ற பெயரில் இருக்கு.

எடுத்தது: லெவ்கே பீரங்கி. 1765இல் டச்சுப் படை கண்டி அரண்மனையைக் கொள்ளையடித்தபோது தூக்கிக்கொண்டு போனது. ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்ததை, வாள், கத்தி, துப்பாக்கிகள் சேர்த்து மொத்தம் ஆறு பொருளாக 2023இல் நெதர்லாந்து திருப்பிக் கொடுத்தது. பீரங்கின்னு சொன்னதும் உதயகிரியில் கெடக்குற மாதிரி பெரிய இரும்புன்னு நினைச்சுப் போகாதீங்க. இது சின்னது, வெண்கலம், மேலே பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்தது. சுடுவதற்கு அல்ல, காட்டுவதற்கு. பழைய வழிகாட்டிப் புத்தகங்களில் இது இருக்காது, ஆகவே உள்ளே நுழைந்ததும் எந்தக் கூடத்தில் வைத்திருக்காங்கன்னு காவலரிடம் கேட்டுக்கிடுங்க.

இன்னொன்று, புறக்கோட்டை டச்சு அருங்காட்சியகக் கட்டடம் அதே வான் ரே குடியிருந்த வீடு. பழுதுபார்ப்புக்காக அவ்வப்போது மூடிவிடுவார்கள், விசாரித்துவிட்டுப் போங்க.

தக்கலை_சஞ்சாரி:
அண்ணாச்சிமாரே, எல்லாருக்கும் நன்றி. சிம்மாசனம் டச்சு வேலைங்கிறதே புதுச் செய்தி. போட்டோ பற்றி யாரும் சொல்லல்லியே? அப்புறம், அம்மா சிவபக்தை. ‘சாமி சிலை’ ஏதாவது உண்டுமா, இல்ல எல்லாம் புத்தர்தானா?

சுசீந்திரம்_வடக்குத்தெரு:
உண்டும், அதுவும் முதல்தரம். பொலன்னறுவைக் கூடத்துக்கு வேறெந்தக் கூடத்தையும்விட அதிக நேரம் கொடுங்க.

993 வாக்கில் ராஜராஜன் படை அநுராதபுரத்தைப் பிடித்தது. சோழர் தலைநகரைப் பொலன்னறுவைக்கு மாற்றி, ‘ஜனநாதமங்கலம்’ என்று பெயர் வைத்தார்கள். நம்ம கோட்டாற்றுக்கு ‘மும்முடிச்சோழநல்லூர்’ என்று வைத்த அதே பழக்கம். 1070இல் முதலாம் விஜயபாகு சோழரைத் துரத்தினான். ஆனால் சிவன் கோயில்கள் அதன்பிறகும் நடந்திருக்கின்றன. அந்தக் கோயில் இடிபாடுகளில் 1907-08இல் தோண்டியபோது வந்தவைதான் செப்புத் திருமேனிகள்: நடராசர், சிவனும் பார்வதியும், நாயன்மார்கள். சுந்தரரைத் தவறவிடாதீங்க. மணக்கோலத்தில் இருக்கிற இளைஞன், முகத்தில் ஒரு பரபரப்பு தெரியும், இப்போதான் யாரோ கூப்பிட்ட மாதிரி.

திருமேனியைப் பார்க்கும்போது முகத்தோடு நின்றுவிடாமல் பீடத்துக்குக் குனியுங்கள். துளையோ வளையமோ தெரிந்தால் அது உற்சவர், கம்பு கோத்துத் தெருவுக்கு எழுந்தருளப் பண்ணியது. மார்கழித் தேரோட்டத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். அம்மாவுக்கு ஒரு வார்த்தை முன்கூட்டியே: கண்ணாடிக்குள்ளே இருக்கும், பூசை கிடையாது, தொட முடியாது.

அவலோகிதேசுவரர், தாரை போன்ற பௌத்தச் சிலைகளும் அருமை. ஆனால் பொன்முலாம் பூசிய 143 செ.மீ. உயரத் தாரையின் அசல் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கு, கொழும்பில் இருப்பது பிரதி. பலகையை வாசிக்காமல் நகர்ந்தால் தெரியாது.

இனி போட்டோ. டிக்கெட் வாங்கும்போதே மொபைலுக்கும் கேமராவுக்கும் என்ன விதி என்று கேளுங்கள், அவ்வப்போது மாற்றுவார்கள். பிளாஷ் வேண்டவே வேண்டாம், துணிக்கும் ஓவியத்துக்கும் சாயம் வெளிறும். முக்கியமான ஒன்று: நுழைந்தவுடன் தொலுவில புத்தர் இருப்பார், கல்லில் தியான நிலையில். அநுராதபுரத்தில் கிடைத்தவர். எல்லாருக்கும் உடனே செல்பி எடுக்கத் தோன்றும். புத்தருக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பது இலங்கையில் பெரிய அவமதிப்பு, ஓடிவந்து தடுப்பார்கள். சிலையை மட்டும் எடுங்கள், அல்லது அதைப் பார்த்தபடி பக்கவாட்டில் நில்லுங்கள். புத்தர் படம் போட்ட சட்டை, பச்சை குத்தியது இதெல்லாம் விமான நிலையத்திலேயே வம்பு.

வேளிமலை_வாசி:
சுசீந்திரத்துக்காரர் சொன்னதோடு ஒன்று. அம்மாவுக்காக உள்ளே நாற்காலி தேடி அலைய வேண்டாம், கீழ்த்தளக் கூடம் ஒவ்வொன்றையும் முடித்ததும் வெளித் தாழ்வாரத்தில் அஞ்சு நிமிஷம் நிறுத்துங்கள். 1877இல் திறந்த இத்தாலியப் பாணிக் கட்டடம், கூரை உயரம், ஆனாலும் பதினொன்றுக்குப் பிறகு நல்ல புழுக்கம் இருக்கும். வெளியே புல்வெளியில் பெரிய ஆலமரம் நிற்கிறது. முழுக் கட்டடத்தையும் படமெடுக்க அங்கிருந்துதான் வாகு.

விசா: இடிஏ (முன்கூட்டியே இணையத்தில் வாங்கும் பயண அனுமதி) விண்ணப்பத்தை இலங்கை அரசின் தளத்தில் மட்டும் போடுங்கள். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் தரகர் தளங்கள், அரசுக் கட்டணத்துக்கு மேல் தங்கள் கூலியையும் சேர்த்துப் பிடுங்குவார்கள். கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் போடுமுன் ஒருமுறை, கிளம்பும் வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போகாதீர்கள். அறையைக் காலி செய்துவிட்டு, பெட்டியை விடுதி வரவேற்பிலேயே ஒப்படைத்துவிட்டு வாருங்கள். பன்னிரண்டரைக்கு வெளியே வந்தால் சாப்பிட்டுவிட்டுக் காலிக்குக் கிளம்ப நேரம் சரியாக இருக்கும்.

தக்கலை_சஞ்சாரி:
தேதி பார்த்தேன், நாங்க வைத்திருந்த நாள் பௌர்ணமியேதான். ஒரு நாள் தள்ளிப் போட்டாச்சு.