எட்டாவது படித்தால் தடை, பத்தாவது தேறினால் தடையில்லை: இது என்ன நியாயம்?

திருத்துறைப்பூண்டிக்காரன்:
என் சித்தி மகளுக்கு 27 வயது. எட்டாவதோடு நின்றவள். புருஷன் விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது, ஒரு பையன் இருக்கிறான். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறேன் என்கிறாள். பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகை, அதாவது பத்தாவது தேறாதவர்களுக்குக் கொடுப்பது; சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும். அந்த வகைப் பாஸ்போர்ட்டில் 30 வயது ஆகாத பெண் குவைத், சவுதி உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அனுமதி கிடையாது.

ஏஜென்ட் இதைக் கேட்டுச் சிரிக்கிறார். விசிட் விசாவில் துபாய் போகட்டும், அங்கிருந்து ஏற்றிவிடுகிறேன் என்கிறார். கேட்பது 1,20,000 ரூபாய். ரசீது தருவீர்களா என்றேன். "ரசீது கேட்கிறவங்களுக்கு நான் வேலை பார்க்கறதில்லை தம்பி."

சட்டம் அவளைக் காக்கத்தான் என்பது புரிகிறது. ஆனால் அதே வயதில் பத்தாவது தேறிய பெண்ணுக்கு இந்தத் தடை இல்லையே? ஏழைப் பெண்ணிடம் மட்டும் "நீ போகாதே" என்று சொல்ல அரசுக்கு உரிமை உண்டா?

குவைத்ரிட்டர்ன்:
தம்பி, உரிமையை அப்புறம் பேசலாம். விசிட்டில் மட்டும் அனுப்பாதீர்கள். நான் 2016-ல் போனேன், ஆறு வருடம் இருந்தேன். ஏர்போர்ட்டிலேயே பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். வாஷிங் மெஷின் இருந்த அறையில்தான் படுக்கை. ராத்திரி அது ஓடினால் தரையே அதிரும். போன் வெள்ளிக்கிழமை அரை மணி நேரம். நாளுக்கு 12 மணி நேரம்தான் வேலை, வாரம் ஒரு நாள் லீவு என்று அந்த நாட்டில் 2015-லேயே சட்டம் வந்துவிட்டதாம். எனக்கு அது தெரிந்ததே ஊர் திரும்பிய பிறகுதான்.

நான் போகும்போது 34 வயது. மாமாவிடம் (வீட்டு எஜமானியை அப்படித்தான் கூப்பிட வேண்டும்) எதிர்த்துப் பேசத் தெரிந்தது. பக்கத்து வீட்டில் 22 வயதுப் பிள்ளை ஒன்று இருந்தது, மாடியில் துணி காயப்போடும்போது அழுதுகொண்டே இருக்கும். அதனால் அந்த 30 வயது விதியை நான் திட்ட மாட்டேன்.

கொட்டியாறு:
நான் இலங்கையில் மூதூர். ரிசானா நபீக் எங்கள் ஊர்ப் பிள்ளை. 2005-ல் சவுதிக்கு வீட்டு வேலைக்குப் போகும்போது அவளுக்கு 17 வயது. பாஸ்போர்ட்டில் வயதைக் கூட்டித்தான் அனுப்பினார்கள். வேலை பார்த்த வீட்டுக் குழந்தையைக் கொன்றதாக அங்கே மரண தண்டனை விதித்து, 2013 ஜனவரியில் தலையை வெட்டினார்கள். அதன் பிறகு எங்கள் நாட்டில் சவுதிக்கான வயதை 25 ஆக உயர்த்தினார்கள். வயதைக் காகிதத்தில் கூட்டத் தெரிந்தவனுக்கு 17 என்ன, 25 என்ன?

தராசு:
பிலிப்பைன்ஸ் 2018-ல் செய்ததைப் பாருங்கள். குவைத்தில் ஒரு பணிப்பெண்ணின் உடல் ஃப்ரீசரில் கிடைத்தது. ஆட்களை அனுப்புவதையே நிறுத்தினார்கள். சில மாதங்களில் குவைத் ஒப்பந்தத்துக்கு வந்தது: பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது, போன் வைத்திருக்க விட வேண்டும். அதுவும் தடைதான், ஆனால் நெருக்கியது குவைத்தை. நம் விதி நெருக்குவது சித்தி மகளை.

இன்னொன்று, பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். உங்கள் ஆள் நான்கு மடங்கு கேட்கிறார்.

திருத்துறைப்பூண்டிக்காரன்:
அக்கா, நீங்கள் எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன். வாஷிங் மெஷின் இடத்தில் நிறுத்தி இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். ஏஜென்ட் வேண்டாம் என்றாகிவிட்டது. குவைத் வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்தாவது தனித்தேர்வு எழுதப்போகிறாளாம். அறிவியல் செய்முறைக்கு முதலில் பதிய வேண்டுமாம், அதற்குத்தான் நாளைக்கு என் பைக் வேண்டும் என்கிறாள்.