மேலங்கியை விற்றவர் ஏழையா?

கோட்டைவாசல்:
"இடைக்கால இங்கிலாந்தில் திறமை இருந்தால் ஏழை வீட்டுப் பிள்ளையும் நைட் என்ற பட்டம் பெற்ற குதிரைப் போர்வீரன் ஆகலாம், 12-ஆம் நூற்றாண்டு நைட் வில்லியம் மார்ஷலே சாட்சி" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. மார்ஷலின் அப்பா ஜான், மார்ல்பரோ கோட்டையை வைத்திருந்தவர். தாய்மாமன் சாலிஸ்பரி பிரபு. இதுவா ஏழை வீடு?

வெண்குதிரை:
எழுதியது நான்தான். மார்ஷல் நாலாவது மகன். 1165-ல் அப்பா இறந்தபோது காணி நிலம்கூட அவருக்கு வரவில்லை. நைட் ஆன கையோடு நடந்த சண்டையில் குதிரை செத்துப்போனது. தன் மேலங்கியை விற்றுத்தான் ஒரு மட்டக் குதிரை வாங்கினார். அவரை வேறு எப்படிச் சொல்வது?

கோட்டைவாசல்:
விற்க மேலங்கி இருந்ததே! நார்மண்டியில் டாங்கர்வில் பிரபு வீட்டில் எஸ்கொயராக, அதாவது நைட் ஆகப் பயிற்சி பெறும் பையனாக, வளர்ந்தவர். அந்தப் பிரபு உறவுக்காரர். சோறு, குதிரை, ஆயுதப் பயிற்சி எல்லாம் உறவு போட்டது. போர்க்குதிரையும் இரும்புச் சட்டையும் வாங்க உழவன் மகன் எங்கே போவான், தம்பி?

வெண்குதிரை:
தம்பி என்று கூப்பிடாதீர்கள். குறுக்குவில் விவாதத்திலும் இப்படித்தான் ஆரம்பித்தீர்கள், கடைசிவரை தவறை ஒப்புக்கொள்ளவில்லை.

தேன்கூடு:
ஜெர்மனியில் மினிஸ்டீரியாலிஸ் என்று சுதந்திரமில்லாத நைட்டுகளே இருந்தார்கள். அதையும் பேசலாமே?

கோட்டைவாசல்:
பேச்சு இங்கிலாந்தைப் பற்றி.

ஏட்டுச்சுவடி:
'நைட்' எதற்கு? 'குதிரைவீரர்' என்று தமிழில் எழுதினால் குறைந்தா போய்விடும்?

கோட்டைவாசல்:
குறைந்துதான் போகும். நைட் பட்டம் இல்லாத படைவீரனான சார்ஜென்ட்டும் குதிரையில்தான் சண்டைக்குப் போனான், அவன் நைட் இல்லை. இடுப்பில் வாள் கட்டிவிடும் சடங்குதான் வித்தியாசம்.

ஏட்டுச்சுவடி:
தமிழ்ச் சொல் என்றாலே உங்களுக்கு ஆகாது. பழைய கதைதான்.

வெண்குதிரை:
சரி, ராபர்ட் சால்? கொத்தனார் மகன் என்கிறார்கள். 3-ஆம் எட்வர்ட் நைட் ஆக்கினார். 1381 உழவர் கலகத்தில் இங்கிலாந்தின் நாரிச் நகர் அருகே செத்தார்.

கோட்டைவாசல்:
மார்ஷலுக்கு இருநூறு வருடம் பிந்தியவர். சாட்சிக்கு நீங்கள் நிறுத்தியது மார்ஷலை. இன்னொன்றும் கேளுங்கள். 1152-ல் நியூபரி முற்றுகையில் ஸ்டீபன் ராஜா பிணையாகப் பிடித்து வைத்தது இதே சிறுவனைத்தான். உழவன் பிள்ளையை எந்த ராஜா பிணையாகக் கேட்பான்?

வெண்குதிரை:
பிள்ளையைத் தூக்கில் போடுவேன் என்று ராஜா மிரட்டியபோது, "என்னிடம் சுத்தியலும் பட்டறைக்கல்லும் இருக்கின்றன, இன்னும் நல்ல பிள்ளைகளைச் செய்துகொள்வேன்" என்று சொன்ன அப்பாவைத்தானே பெரிய இடம் என்கிறீர்கள்? மேலங்கியை விற்றார். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

கோட்டைவாசல்:
இரண்டு தடவை சொல்லிவிட்டேன். விற்க மேலங்கி இருந்தது.